பின்வேலி வழியே வந்த பூக்கள்

நான் கொடைக்கானல்காரி என்று சொன்னால் போதும், எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். குறிஞ்சி பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கிறேன். மலை முழுக்க ஊதாவாக இருந்தது. தேனீ மொய்த்தது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலையையே மூடிக்கொண்டு பூக்கிற பூவைக் கவனிக்க என்ன கெட்டிக்காரத்தனம் வேண்டும்? தூங்குகிறவன்கூட எழுந்து கவனிப்பான். வாரத்துக்கு வாரம் வேலியோரத்தில் சத்தமில்லாமல் வந்துபோகிற பூவைக் கவனித்துப் பாருங்கள், அப்போது தெரியும் சிரமம்.

நான் கவனித்தேன் என்று சொல்ல வரவில்லை. கவனித்ததாக ஊரை ஏமாற்றினேன். அந்தக் கதைதான் இது.

குறிஞ்சி பூத்து ஓய்ந்ததற்கு அடுத்த வருஷம். நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு டீச்சர் வந்தார். குளிர் அவருக்குப் புதிது. ஜூன் மாதத்திலேயே இரண்டு ஸ்வெட்டர் போட்டு, தலையில் மப்ளர் சுற்றி, சந்தைக்கு வந்த உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருப்பார். அவர் ஊரில் வெயில் என்று ஒன்று உண்டு, மழை என்று ஒன்று உண்டு, அவ்வளவுதானாம். இங்கே திங்கட்கிழமை பார்த்த சரிவு அடுத்த திங்கட்கிழமை வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கோ அதில் ஒரு அதிசயமும் தெரியாது. அதனால் அவருக்கு எங்கள்மேல் கோபம்.

ஒரு நாள் தச்சரிடம் சொல்லி ஒரு பலகையைக் கறுப்புச் சாயம் அடித்து வாங்கிவந்து வகுப்பில் மாட்டினார். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பூ, வலப்பக்கம் பூச்சி. எந்தப் பூவை, எந்தப் பூச்சியை அந்தப் பருவத்தில் யார் முதலில் கொண்டுவருகிறார்களோ அவர்கள் பெயரை அதற்கு நேராக எழுதுவார். நிபந்தனைகள் நாலு. தோட்டத்துப் பூ கூடாது, தானாக முளைத்ததாக இருக்க வேண்டும். நம் ஊரில் முளைத்ததாக இருக்க வேண்டும். பூச்சி உயிரோடு இருக்க வேண்டும். காட்டியபின் வெளியே விட்டுவிட வேண்டும். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன் கணக்கெடுத்து, அதிகப் பெயர் வாங்கியவர்களுக்குப் பித்தளைப் பிடி போட்ட ஒரு பூதக்கண்ணாடி பரிசு.

அந்தப் பூதக்கண்ணாடியை ஒரு தடவை எல்லார் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். உழுதுபோட்ட வயல் மாதிரி இருந்தது. அந்த நிமிஷமே அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கவே எனக்கு மனசில்லை, டீச்சர் பிடுங்கித்தான் கொடுத்தார்.

இதில் எனக்கு ஒரு எதிரி இருந்தான். என் பெரியப்பா மகன். என்னைவிட நாலே மாதம் மூத்தவன், அதே வகுப்பு, ஆனால் அவனை நான் அண்ணன் என்று கூப்பிட வேண்டும். வெறுக்க அது ஒன்றே போதும். அவன் வீடு மேலே. சோலைக்காட்டைக் கடந்து, புல்வெளிச் சரிவில் இறங்கிப் பள்ளிக்கூடம் வருவான். என் வீடு செண்பகனூரில். நான் மோட்டார் ரோட்டில் ஏறிக் கடைவீதி வழியாக வருவேன். கடைவீதியில் என்ன பூக்கும்? அழுகின முட்டைக்கோஸ் இலை கிடக்கும், ஈ மொய்க்கும். முதல் நாள் நான் ஒரு ஈயைப் பிடித்துக்கொண்டு போனேன். "ஈ எல்லாக் காலத்துலயும் இருக்கும்மா" என்று டீச்சர் சொல்லிவிட்டார். வகுப்பு சிரித்தது. அண்ணன் எல்லாருக்கும் கடைசியாக, நிறுத்தி நிதானமாகச் சிரித்தான்.

மூன்று வாரத்தில் அவன் பெயர் பலகையில் ஆறு இடத்தில் ஏறிவிட்டது. என் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அவன் காலையில் வந்ததும் பலகை முன் நின்று தன் பெயரை இனிஷியலோடு ஆறு தடவையும் படிப்பான்.

ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பொய் சொன்னால் அடிப்பாள். சின்னப் பொய், பெரிய பொய் என்ற பேதமெல்லாம் கிடையாது. சிலேட்டை உடைத்துவிட்டுத் தானாக உடைந்தது என்று சொன்னதற்கு அகப்பைக் காம்பு முறியும்வரை அடித்தாள். பிறகு அகப்பை முறிந்ததற்குத் தனியாக நாலு.

"எதுக்குடி இப்ப ஒப்பாரி?"

"அவன் தவிட்டுப்பழச் செடியில மொட்டு வந்துருச்சுன்னு சொல்றான். இன்னும் பத்து நாள்ல பூத்துரும். அதுவும் அவன் பேருக்குப் போயிரும்."

அம்மாவின் கத்தி நின்றது. "இங்கதான் மொட்டு. அடுக்கத்துல இந்நேரம் பூத்துக் கொட்டியிருக்கும்."

அடுக்கம் அம்மா பிறந்த ஊர். எங்கள் மலையிலேயே கீழே, பெரியகுளத்துக்கு இறங்குகிற பழைய பாதையில் இருக்கிறது. அங்கே அம்மாவின் தம்பி இருந்தார், என் மாமா. வாரம் தவறாமல் இரண்டு மட்டக்குதிரைகளில் வாழைக்காயும் ஆரஞ்சும் பொதி ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை மேலே வருவார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்றுவிட்டு இறங்கிவிடுவார். பாதை எங்கள் வீட்டைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஆனாலும் இரண்டு வருஷமாக அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

காரணம் ஒரு புட்டிங். அப்பா ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பட்லர். அங்கேயே தங்கியிருப்பார், ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் திங்கள் விடியலில் போய்விடுவார். என் தம்பியின் ஞானஸ்நான விருந்துக்கு அப்பா தன் கையால் முட்டையும் பாலும் போட்டு, சீனியைக் கருக்கி ஊற்றி, ஆடிக்கொண்டே நிற்கிற ஒரு புட்டிங் செய்தார். துரைமார் தட்டை வழித்துத் தின்கிற பண்டம். மாமா ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில், "மச்சான், இது வெந்து முடிஞ்சதா, இல்ல இனிமேத்தான் வேகணுமா?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே, "அவன் இனி என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பட்லர்களுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள். மெதுவாகச் சொல்வார்கள். அது ஆறவே ஆறாது.

அம்மா இரண்டு கிழங்கு சீவும் நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்குச் சந்தைக்குப் போறப்ப உங்க மாமாகிட்டச் சொல்லு. வர்ற சனிக்கிழமை தவிட்டுப் பூவு ஒரு கெளை ஒடிச்சுக்கிட்டு இங்கிட்டு வரச் சொன்னேன்னு சொல்லு."

"அப்பா?"

"அப்பா என்ன சொன்னாக?"

"வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னாக."

"வாசப்படி எங்க கெடக்கு?"

"முன்னால."

"அப்ப அவனப் பின்வேலிப் பக்கமா வரச் சொல்லு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாவே பொய்க்குத் துணை வருகிறாள்! பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் பெற்றவள் எதையும் செய்வாள் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா பின்வேலிக்கு வந்தார். குதிரைகளைச் சீகை மரத்தில் கட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள்.

"என்னடா இப்பிடி எளச்சுப்போயிட்ட?"

"நீ மட்டும் என்னவாம்? கண்ணாடியில பாத்தியா?"

"மாமா, பூ எங்க?" என்றேன் நான். எனக்கு என் அவசரம்.

குதிரையின் பொதியிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிய கிளையை எடுத்துக் கொடுத்தார். ரோஜா நிறத்தில் ஏழு பூ, வாடவில்லை. அம்மா வேலிக்கு மேலாக டம்ளரில் டீ நீட்டினாள். மாமா வேலிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து குடித்தார். எங்கள் எல்லைக்குள் ஒரு கால் வைக்கவில்லை. "இது பொறம்போக்கு, இங்க உக்கார்றதுக்கு எவன் உத்தரவும் வேணாம்" என்றார். அம்மா வேலிக்கு உள்ளே கல்லில் உட்கார்ந்து அத்தை எப்படி இருக்கிறாள், பலாமரம் காய்த்ததா, பக்கத்து வீட்டுக்காரி இன்னும் சண்டை போடுகிறாளா என்றெல்லாம் பூவுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பூவைத் தண்ணீரில் போட ஓடினேன்.

திங்கட்கிழமை என் பெயர் பலகையில் ஏறியது. அண்ணன் பூவை முகர்ந்தான், திருப்பினான், காம்பைப் பார்த்தான். "எங்க பறிச்ச?"

"எங்க வீட்டுக்குப் பின்னால."

அது பொய்யே இல்லை. பின்னால்தான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு பருவம் எனக்குச் சேவகம் செய்தது. மேலே மொட்டு கட்டும்போது கீழே பூத்துவிடும், மாமா கொண்டுவந்துவிடுவார். மழை இறங்கியதும் படமெடுத்த பாம்பு மாதிரி நிற்குமே ஒரு பச்சைப் பூ, அது வந்தது. பாறைக் கசிவில் பூக்கிற காட்டுக் காசித்தும்பை வந்தது. அடுக்கத்தில் வெயில் முந்தி உறைக்கும், அதனால் பூவும் முந்தும், பூச்சியும் முந்தும். பூச்சியை உயிரோடு கொண்டுவருவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் பட்டாம்பூச்சியை மாமா வாழை இலையில் மடித்துக் கொண்டுவந்தார். வந்துசேரும்போது அது துவையலாகிவிட்டது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே பூச்சியை விட்டு, இரண்டு வாயிலும் துணி கட்டிக் குதிரையின் கழுத்தில் தொங்கவிட்டார். குதிரைக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே சில்வண்டு இருந்த அன்று வழி முழுக்க அது கத்தியதாம், குதிரை இரண்டு மைல் பின்பக்கமாகவே நடந்ததாம். மாமா சொன்னதை நம்பி அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் நம்பவில்லை.

அக்டோபரில் நான் அண்ணனைவிட ஐந்து பெயர் முன்னால் இருந்தேன். "போதும்மா, இனி மாமாவ வரவேணாம்னு சொல்லிருவோம். நான்தான் ஜெயிச்சிட்டேன்ல?" என்றேன்.

அம்மாவுக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஐஞ்சு ஒரு கணக்காடி? இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. அந்தப் பய ஒரே வாரத்துல ஆறு கொண்டாந்தான்னா என்ன செய்வ? எடுத்த சோலிய ஒழுங்கா முடிக்கிற வழியப் பாரு!"

சரிதான் என்று பட்டது. என்னைவிட அம்மாவுக்கு வெறி அதிகம் என்று நினைத்தேன்.

நவம்பரில் மாமா தப்பு செய்தார். பூச்சி என்றால் எந்தப் பூச்சியும் பூச்சிதான் என்பது அவர் கணக்கு. பெரியகுளம் வரை ஒரு சோலியாக இறங்கியவர், அங்கே கருவேலமரத்தில் பிடித்த ஒரு பொன்வண்டை விளக்குக் கண்ணாடியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். பச்சையும் பொன்னுமாக மின்னியது. எங்கள் குளிருக்கு அது எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்று எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தோன்றவில்லை.

வகுப்பில் அதை மேசைமேல் வைத்தபோது ஆறு காலும் மடக்கிக் கிடந்தது. "செத்துப்போச்சு, செல்லாது" என்றான் அண்ணன். டீச்சர் அவனைக் காதிலேயே வாங்கவில்லை. மப்ளரை அவிழ்த்தார். "பொன்வண்டு! எங்க ஊர்ல உள்ளது. இங்கயும் இருக்கா?" என்றார். அவர் குரல் என்னவோ போல் இருந்தது. தலைமையாசிரியை அம்மா குளிர்காய வைத்திருந்த கணப்புச் சட்டியின் அருகே அதைக் கொண்டுபோய் வைத்தார். இரண்டு நிமிஷத்தில் ஒரு கால் நீண்டது. மூன்றாவது நிமிஷத்தில் வண்டு விர்ரென்று எழும்பித் தலைமையாசிரியை அம்மாவின் கொண்டைக்குள் போய் நுழைந்துகொண்டது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்வதை நிறுத்தியது. கொண்டையைப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் பாதி சவுரி என்பது அன்றுதான் பள்ளிக்கூடத்துக்கே தெரிந்தது.

பொன்வண்டு என் பெயரில் ஏறியது. அண்ணன் கையைத் தூக்கினான். "டீச்சர், இது இந்த மலையில கெடையாது. எங்க அப்பா தோட்டக்காரரு. இருவது வருசமா அவரு கண்டதில்ல."

"ஒங்கப்பா காணலன்னா இல்லன்னு ஆயிருமா?" என்றார் டீச்சர். அவருக்கு அது இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே விட வேண்டும் என்ற தன் நிபந்தனையையே மறந்து, தன் அறைக்கு எடுத்துப்போய்ச் சீகைக் கொழுந்து போட்டு வளர்த்தார்.

விவகாரம் அங்கே நின்றிருக்கலாம். ஆனால் டீச்சர் உட்கார்ந்து யோசித்துவிட்டார். யோசிக்கிற டீச்சரைப் போல ஆபத்து வேறில்லை. ஜூனிலிருந்து நான் கொண்டுவந்த பூவெல்லாம் ஊரில் பூப்பதற்கு மூன்று வாரம் முன்பே வந்திருக்கிறது. பொன்வண்டு வேறு. ஆகவே எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்ணில் ஏதோ ஒரு தனிச் சூடு இருக்கிறது! இதை எழுதி, மலைச்செடிகளைச் சேகரித்துவந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியாருக்கு அனுப்பிவிட்டார். தோளில் தகரப்பெட்டி மாட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் அலைகிற கிழவர், ஊரில் பச்சிலைச் சாமி என்பார்கள். அவரும் பதில் எழுதிவிட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்று.

கையில் வந்த பூதக்கண்ணாடி போகப்போகிறது. அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் என் முகத்தைவிட வெளுத்தது. ஆனால் என்னைப் போல அழவில்லை. மறுநாள் மாமா கிலுகிலுப்பைப் பூவோடு வந்தபோது உத்தரவு போட்டாள்: "வர்ற சனிக்கிழமை கிலுகிலுப்பைச் செடிய வேரோட, மண்ணோட தோண்டிக் கொண்டா. நாலு செடி. வெள்ளனே வந்துரு, எட்டு மணிக்குள்ள. பின்னால ஊண்டிருவோம். அந்தச் சாமி வந்து பாத்துட்டுப் போயிருவாரு."

"ஏக்கா, அஞ்சு மாசமா பூத் திருடுனேன். இப்ப மண்ணையும் திருடணுமா?"

"வெரசா வரணும். ஆமா."

அந்தச் சனிக்கிழமை எட்டு மணிக்கு மாமா வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. ஒன்பதரைக்கு வந்தது யார் தெரியுமா? அப்பா. சாமியார் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று பங்களாவில் கேள்விப்பட்டு, துரைசானியிடம் லீவு சொல்லி, வெள்ளைக் கோட்டோடு, இரவல் வாங்கிய கோப்பைகளையும் பிஸ்கட்டையும் கூடையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மகள் செடி ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவருக்கு மார்பு விரிந்திருந்தது.

அம்மா என்ன செய்வாள்? போன வாரத்துக் கிலுகிலுப்பைக் கிளைகள் நாலு தகரத்தில் தண்ணீரில் கிடந்தன. தலை தொங்கிய மஞ்சள் பூக்கள். பின்பக்கம் ஓடி அவற்றை மண்ணில் குத்தி நிறுத்தினாள். தொங்குகிற தலைக்குக் குச்சி முட்டுக்கொடுத்தாள்.

பத்து மணிக்கு டீச்சரும் சாமியாரும் வந்தார்கள். "எங்கம்மா அந்த எடம்?" என்று கேட்டார் சாமியார். தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசினார். எல்லாரும் பின்னால் போனோம். சாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். இலையைப் பார்த்தார். மண்ணில் கையை வைத்துப் பார்த்தார். சூடாக ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பிறகு இரண்டு விரலால் தண்டை மெதுவாக இழுத்தார். அது முழுசாகக் கையோடு வந்தது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கத்தியால் வெட்டிய காம்பு இருந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேலியைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே பாதையில் குதிரைக் குளம்புச் சத்தம். மாமாவின் குரல் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊருக்கே கேட்கும்படி வந்தது: "யக்கோவ்! குருத மொடமாயிருச்சு, அதான் தாமசம்! இந்தவாட்டி நீ சொன்ன மாதிரி வேரோட கொண்டாந்திருக்கேன்! அந்தக் கெழட்டுச் சாமி இன்னும் வரலயில்ல?"

வேலிக்கு மேல் அவர் தலை வந்தது. கையில் மண்ணோடு நாலு செடி. எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவின் காது சிவந்தது. எனக்குத் தெரியும், இப்போது மெதுவாக ஏதோ சொல்லப்போகிறார். அதற்குள் கெழட்டுச் சாமி வேலியருகே போய்விட்டார். "இது எங்க தோண்டினது? அடுக்கத்துலயா, மேலயா?"

"அடுக்கத்துக்கு மேல ரெண்டாவது வளைவு சாமி" என்றார் மாமா.

"இங்க எப்ப பூக்கும்?"

"இங்கயா? இன்னும் மூணு சந்தை போகணும். பூவும் என்னய மாதிரித்தான் சாமி, சந்தைக்கு ஒரு வளைவு ஏறும். குருத எங்கெங்க நின்னு மூச்சு வாங்குதோ, அங்கங்க நின்னு நானும் பாக்குறேன்ல. மொதல்ல பூ ஏறும், பின்னாலயே பூச்சி ஏறும்."

சாமியார் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "உள்ள வா. உக்காரு. ஒவ்வொரு வளைவா சொல்லு."

மாமா அப்பாவைப் பார்த்தார். உள்ளே வரவா, வேண்டாமா? அப்பா கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். விருந்தாளி முன்னால் வீட்டுச் சண்டையை எடுக்கக் கூடாது என்பது பட்லர் தொழிலின் முதல் பாடம். மாமா வேலியைத் தாண்டி வந்தார். அப்பா டீக்காகப் பின்முற்றத்தில் போட்டுவைத்திருந்த மேசையருகே, சாமியார் அவரைப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எதிரே நாற்காலியில் டீச்சர். சாமியார் என் குட்டித் தம்பியையும் தூக்கிப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

அங்கேதான் அப்பாவின் தொழில் அவர் காலை வாரிவிட்டது. மேசையில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேருக்கும் பரிமாற வேண்டும். ஒருவரைத் தாண்டிப் போவது பட்லருக்கு மரணத்துக்குச் சமம். அப்பா சாமியாருக்கு ஊற்றினார், டீச்சருக்கு ஊற்றினார், மாமாவின் பின்னால் வந்து ஒரு நொடி நின்றார். பிறகு வலது பக்கமாகக் குனிந்து, பங்களாக் குரலில், "சீனி எத்தனை?" என்றார்.

"ஒங்க இஷ்டம் மச்சான்" என்றார் மாமா. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மதியம் வரை பேசினார்கள். கீழே எது பூத்தால் மேலே எத்தனை சந்தை கழித்துப் பூக்கும், எந்தப் பூவைக் குதிரை தொடாது, எந்த வளைவில் எந்த வண்டு என்று மாமா சொல்லச் சொல்லச் சாமியார் பதினோரு பக்கம் எழுதிக்கொண்டார். யாரும் என்னைத் திட்டவே இல்லை. யாருக்கும் என் நினைப்பே இல்லை. அவர்கள் போனபின் அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். "அவள அடிக்காதீக. நான் சொல்லித்தான் செஞ்சா" என்றாள் அம்மா. அப்பா கையை இறக்கி, கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றினார். நாலாவதைச் சுற்றும்போது, "வேலிக்கு அந்தப் பக்கம் உக்காந்து டீ குடிக்கிறத நாலு பேரு பாத்தா இந்த வீட்டப் பத்தி என்ன நெனப்பாங்க? முன்பக்கமா வரச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை டீச்சர் ஈரத்துணியால் என் பெயரைப் பலகையில் பதினான்கு இடத்தில் அழித்தார். வலப்பக்கம் கடைசிப் பெயருக்கு வந்ததும் திரும்பி, "பொன்வண்டுமா?" என்றார்.

"பொன்வண்டும்தான் டீச்சர்."

அதையும் அழித்தார். கிறிஸ்துமஸ் வரை காத்திருக்காமல் அன்றே கணக்கை முடித்துப் பலகையைக் கழற்றினார், பூதக்கண்ணாடி அண்ணனுக்குப் போனது. அவன் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு முதல் வேலையாக என்னைத்தான் பார்த்தான். அவன் கண் எருமைக் கண் அளவு இருந்தது.

அந்த வாரம் முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. சனிக்கிழமை மாமா முன்வாசல் வழியாக வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு. வீட்டில் கறிக்குழம்பு. என் பெயரை அழித்த வாரத்தில் கறிக்குழம்பு! அம்மா புதுப்புடவை உடுத்தியிருந்தாள். அடுப்பை ஊதும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்கு வெட்கமே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிட மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. ஆகவே சாப்பிட்டேன்.

மாமா கிளம்பிக் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அம்மா கதவருகே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, வர்ற சனிக்கிழமைக்கு மாமாவ என்ன பூவு கொண்டாரச் சொல்லட்டும்?"

"பலகையே போச்சு! இனி எதுக்குப் பூ?" என்று கத்தினேன்.

"ஆமால்ல" என்றாள். பிறகு பாதைப் பக்கம் திரும்பி, "ஏலே, எதாச்சும் ஒண்ணு கொண்டாடா, மஞ்சப்பூவாச்சும்" என்று குரல் கொடுத்தாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போட்டி முடிந்துவிட்டது, நாம் தோற்றுவிட்டோம் என்பது இந்த அம்மாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவே இல்லையே என்று நினைத்தேன்.